அறுபது சென்டிமீட்டர்

உன்னை இறக்கிவிட்ட விமானம்தான்
என் ரோஜாக்களை ஏற்றிக்கொண்டு போனது.
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், வேந்தன்.
பன்னிரண்டாம் தேதி இரவு, பெங்களூரில்
நீ பெட்டிக்காகக் காத்து நின்ற அரைமணியில்
உன் இருக்கைக்குக் கீழே, குளிரில்,
நாற்பத்தோரு அட்டைப்பெட்டிகள்.
எல்லாம் தாஜ்மகால் ரகம். எல்லாம்
அறுபது சென்டிமீட்டர் காம்பு.
கோலாலம்பூரில் யார் யாரோ யார் யாருக்கோ
நீட்டப்போகும் சிவப்பு.

மூன்று வாரமாகத் தூக்கமில்லை.
பாகலூர் சாலைக் கொட்டகையில் ஈரச் செருப்போடு நின்று
காம்பை அளப்பதும், கழுத்தை அசைத்துப் பார்ப்பதும்,
வளைந்திருந்தால் நீலக் கூடையில் எறிவதும்தான்
ஈப்போக்காரிக்கு ஓசூரில் உத்தியோகம்.
ரத்னம்மா தெலுங்கில் எண்ணுவாள்,
மஞ்சுளா கன்னடத்தில் திட்டுவாள்,
நான் தமிழில் எழுதிக்கொள்வேன்.
என் தமிழைத்தான் இந்த ஊர்
இரண்டு தரம் கேட்டு வாங்கும்.

விடுதி வரவேற்பில் இருந்த பையன்
நம் கடப்பிதழ்களை முன்னும் பின்னும் புரட்டினான்.
வெளிநாட்டார் தங்கினால் சி படிவம் நிரப்பணுமாம்.
"தமிழ் பேசுறீங்க, ஃபாரினர்னு போட்டிருக்கு?"
பிறகு குரலை இறக்கி, "நேட்டிவ் எது சார்?"
"ஈப்போ."
"அது இல்ல சார். அதுக்கு முன்னாடி."
உன் பூட்டனின் தோட்டச் சீட்டில்
சேலம் ஜில்லா என்று மட்டும் இருக்கிறது.
அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில்
இந்த மேசையும் அடக்கம் என்றான் பையன், பெருமையாய்.
தேடிப் பார்க்கலாமே, மூணு நாள் இருக்கே.
நீ சாவியை வாங்கிக்கொண்டாய்.
"நான் இவளைப் பார்க்க வந்தேன், தம்பி."

பதிமூன்று முழுக்க நான் தூங்கினேன்.
நீ ஒலியை அணைத்துவிட்டுக்
கன்னடச் செய்தி பார்த்தாயாம்.
விழித்தபோது என் உள்ளங்கை முட்களை
ஊக்கால் எடுத்து
சாப்பாட்டு பில்லின் மேல் வரிசையாக வைத்திருந்தாய்.
ஏழு.
எட்டாவது வரவில்லை.

மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தோம்.
"என்ன தண்ணி இருக்கு?" என்று கேட்டாய்,
ஊரில் கேட்கிற மாதிரியே.
சர்வர் குனிந்து, காதோடு காதாக,
"அதெல்லாம் இங்க கெடைக்காது சார்,
பன்னெண்டு மணிக்கு மேல
பஸ் ஸ்டாண்டு பின்னால போங்க."
நான் சிரித்ததில் பக்கத்து மேசைக் குழந்தை
இட்லியைக் கீழே போட்டது.

ஆட்டோக்காரர், ஜோடிங்க எல்லாம் வர்ற இடம் என்று
கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போனார்.
மதகுக்குக் கீழே ஆற்றையே மூடி நுரை,
வெள்ளை வெள்ளையாய், ஆள் உயரத்துக்கு.
ஆயுளில் பனி பார்த்திராத இரண்டு பேர்
அதன் முன்னால் தோள் சேர்த்து நின்றோம்.
சோப்பும் சாயமும் சாக்கடையும் கலந்த நாற்றம்.
"மூச்சைப் பிடி. இப்போ சிரி."
படத்தைப் பார்த்த உன் அம்மா
எந்த நாட்டுக்குப் போனீங்க என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் உன்னைக் காணோம்.
கால்மணி கழித்து
கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாய்.
எண்பது ரூபாயாம். ரோஜா விளையும் ஊரில்
இன்றைக்கு இது ஒன்றுதான் மிச்சமாம்.
வாங்கியதும், பழக்கதோஷம்,
விரலை விரித்துக் காம்பை அளந்தேன். முப்பத்தைந்து.
கழுத்தை அசைத்தேன். வளைந்திருந்தது.
வெளியிதழில் கறுப்பு ஓரம்.
நீலக் கூடைப் பூ.
நான் எறிந்ததாகவே இருக்கலாம்.

உன்னிடம் சொல்லவில்லை.
பல் துலக்கும் குவளையில் தண்ணீர் பிடித்து
கண்ணாடியில் சாய்த்து நிற்கவைத்தேன்.
நடு இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தால்
தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, அல்லது
குவளை சரிந்திருந்தது.
நாளைக்கு நீ போகிற விமானத்தில்
பூப்பெட்டி ஒன்றும் கிடையாது. சந்தை முடிந்தது.
திரும்பிப் படுத்து உன் முதுகில் கை வைத்தேன்.
எட்டாவது முள் உறுத்தியது.
நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்:
"அளந்தாச்சா?"